தானம் வேண்டாம், விலை வேண்டும்

காலையில் காப்பி குடியாமல் பத்திரிகையைக் கையில் எடுக்கும் வாசகர்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலரே இருப்பார்கள். லோட்டாவை வாயில் வைக்கும்போது, இந்தக் கொட்டையை விளைவித்த குடியானவனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர்களும் மிகச் சிலரே. எண்ணிப் பார்க்கவேண்டிய விஷயம் இது. காப்பியை விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளின் மலைச்சரிவுகளில் சொற்ப நிலம் வைத்துப் பிழைக்கும் சிறு குடியானவர்கள். அதை விலை கொடுத்து வாங்கிக் குடிப்பவர்களில் பெரும்பகுதியினர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வசதி படைத்தவர்கள். இருவருக்கும் நடுவே விலையைச் சொல்லுகிறவர்களோ, செடியை ஒருநாளும் கண்ணால் பார்த்திராத நியூயார்க், லண்டன் முன்பேரச் சந்தைக்காரர்கள். நட்டவன் ஒருவன், விலை சொல்பவன் வேறொருவன் என்ற இந்த ஏற்பாட்டில் நியாயம் எங்கிருந்து வரும்?

அந்த நியாயத்தைத் தேடிப் புறப்பட்ட முயற்சிக்கு 'நியாய வியாபாரம்' என்று பெயர். இன்று காப்பி, தேயிலை, கொக்கோ, வாழைப்பழம், பருத்தி முதலிய பல சரக்குகளின்மேல் அதன் முத்திரை காணப்படுகிறது. முத்திரையைக் கண்டவுடன் மனம் நெகிழ்ந்து, ஏழைகளுக்கு உபகாரம் செய்துவிட்டோம் என்று திருப்தியடைகிறவர்கள் ஒரு சாரார். அது வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குகிறவர்கள் மற்றொரு சாரார். இரு கட்சியாரும் விஷயத்தின் வேரைப் பார்க்கவில்லை என்பது நமது அபிப்பிராயம். வேரைப் பார்க்கவேண்டுமானால் மெக்ஸிகோ தேசத்துக்குப் போகவேண்டும். அதற்கும் முன்னே ஜாவாத் தீவுக்குப் போகவேண்டும்.

ஜாவா தந்த பெயர்

1830-ஆம் வருஷத்தில், ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர்கள் ஒரு திட்டம் வகுத்தார்கள். ஒவ்வொரு கிராமமும் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சர்க்கார் சொல்லும் பயிருக்கு ஒதுக்கவேண்டும். காப்பி, கரும்பு, அவுரி முதலியவற்றை விளைவித்துச் சர்க்கார் சொல்லும் விலைக்குக் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஏட்டில் ஐந்தில் ஒன்று என்றிருந்தது, நடைமுறையில் பல இடங்களில் அதற்கு மேலும் போயிற்று. 1840-களில் ஜாவாவின் சில பகுதிகளில் பஞ்சம் தோன்றி ஜனங்கள் மடிந்தார்கள். ஹாலந்தின் கஜானாவோ நிரம்பி வழிந்தது. அந்நாட்டின் பொதுக்கடனை அடைக்கவும் ரெயில் பாதைகள் போடவும் ஜாவாக் குடியானவனின் வியர்வை உதவிற்று.

இந்தக் கொடுமையை ஹாலந்து மக்களுக்கே எடுத்துக் காட்டியவர் எடுவார்ட் டவ்வெஸ் டெக்கர் என்ற டச்சு உத்தியோகஸ்தர். லெபாக் என்னும் ஜில்லாவில் அதிகாரியாக இருந்து, குடிகள் படும் துன்பத்தை மேலதிகாரிகளுக்கு எழுதிப் பார்த்து, பயன் காணாமல் 1856-ல் உத்தியோகத்தை உதறியவர். முல்தாதுலி என்ற புனைபெயரில் அவர் 1860-ல் வெளியிட்ட நாவலின் பெயர் 'மாக்ஸ் ஹாவெலார்'. காப்பி வியாபாரியின் செழிப்பையும் காப்பி விளைவித்தவனின் சிறுமையையும் ஒரே புத்தகத்தில் நிறுத்திக் காட்டிய நூல் அது. 128 வருஷங்களுக்குப் பிறகு, நியாய வியாபாரத்தின் முதல் முத்திரைக்கு அந்தப் பெயரையே சூட்டினார்கள். அன்னிய ஆட்சி போன பின்பும் அன்னியர் வைக்கும் விலை போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

மலைநாட்டு நரிகள்

மெக்ஸிகோவின் தெற்கே உள்ளது ஓஹாக்கா மாகாணம். அங்கே தெவாந்தெபெக் பூசந்தியை அடுத்த மலைகளில் ஸாபோடெக், மீஹே, சொந்தால் முதலிய ஆதிக்குடிகள் வாழ்கிறார்கள். ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே அம்மண்ணுக்கு உரியவர்கள். உணவுக்கு மக்காச்சோளம், கைச்செலவுக்குக் காப்பி என்பது அவர்கள் வாழ்க்கை. 1980-ஐ ஒட்டிய காலத்தில் அவர்கள் இருந்த நிலையை அறிந்தால், நம் கிராமங்களின் லேவாதேவிக் கதையே நினைவுக்கு வரும்.

காப்பி வருஷத்துக்கு ஒருமுறைதான் பழுக்கும். பணம் கண்ணில் படுவதும் அப்போதுதான். அதற்கு முந்திய மாதங்களில் வீட்டுத் தானியம் தீர்ந்துபோகும். சமயம் பார்த்து வருவான் தரகன். சோளமும் ரொக்கமும் கடனாகக் கொடுப்பான். செடியில் நிற்கும் காயையே ஈடாக எழுதிக்கொள்வான். பழம் பறிக்கும் காலத்தில் அவன் வைத்தது விலை, அவன் பிடித்தது தராசு. மூட்டையை மலையிலிருந்து கீழே கொண்டுபோக நல்ல பாதை கிடையாது. பாதை உள்ள இடத்தில் லாரி அவனுடையது. அந்நாட்டார் இந்தத் தரகனைக் 'கொயோட்டே' என்று அழைக்கிறார்கள். அவர்கள் நாட்டு நரிக்கும் அதுவே பெயர்.

1983-ல் இக்குடியானவர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். பூசந்திப் பிரதேச ஆதிக்குடிச் சமூகங்களின் ஒன்றியம் என்பது அதன் நீண்ட பெயர். ஸ்பானிய மொழியில் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஊஸிரி' என்று சொல்வார்கள். அவர்களுடன் நின்று உழைத்தவர் பிரான்ஸ் வான்டெர் ஹாஃப் என்ற டச்சுப் பாதிரியார். சிலி தேசத்தில் தொழிலாளர்களிடையே வாழ்ந்து, 1973-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பறித்த பின் மெக்ஸிகோவுக்கு வந்தவர்; மலையில் தாமும் காப்பி பயிரிட்டவர்; 2024-ல் காலமானார். சங்கம் அவர் கொடுத்த வரம் என்று எண்ணிவிடக்கூடாது. ஊர்ச்சபை கூடி முடிவு செய்வதும், ஊர்ப்பொது வேலைக்குக் கூலியின்றி முறைவைத்து உழைப்பதும் அந்த ஆதிக்குடிகளிடம் தொன்றுதொட்டு வந்த வழக்கங்கள். அந்த அஸ்திவாரத்தின்மேல்தான் சங்கம் எழுந்தது. தராசைத் தாங்களே பிடித்தார்கள். மூட்டைகளைச் சேர்த்து விற்றார்கள். ரஸாயன உரமிடாமல் விளைந்த காப்பியை ஐரோப்பாவிலிருந்த அனுதாபிகளுக்கு நேரே அனுப்பினார்கள்.

அனுதாபிகளின் கடைகள் சிறியவை. அவை வாங்கும் சரக்கும் சிறிது. எல்லோரும் சாமான் வாங்கும் சாதாரணக் கடைக்குள் புகுந்தாலன்றி மலைநாட்டு மூட்டைகள் அத்தனைக்கும் வழி பிறக்காது. 1985-ல் வான்டெர் ஹாஃப் ஹாலந்துக்குச் சென்று, ஸாலிடாரிடாட் என்ற உதவி ஸ்தாபனத்தைச் சேர்ந்த நிக்கோ ரோஸன் என்பவரிடம் குடியானவர்களின் எண்ணத்தை எடுத்துரைத்தார். நீங்கள் அனுப்பும் உதவிக்கு வந்தனம்; எங்கள் காப்பிக்கு உரிய விலையைக் கொடுத்தால் அந்த உதவியே வேண்டியிராது என்பதுதான் அதன் கருத்து. இவ்வளவு சுயமரியாதையுள்ள கோரிக்கை மாளிகைகளிலிருந்து பிறக்கவில்லை. அரைவயிற்றுக் குடிசைகளிலிருந்து பிறந்தது. அதன் பலனாக, 1988 நவம்பர் 15-ந் தேதி ஹாலந்தில் 'மாக்ஸ் ஹாவெலார்' முத்திரை வெளியாயிற்று.

முத்திரையின் நிபந்தனைகள் எளியவை. சிறு குடியானவர்கள் தாங்களே நடத்தும் சங்கத்தினிடம் சரக்கு வாங்கவேண்டும். சந்தை எவ்வளவு விழுந்தாலும் குறிப்பிட்ட அடிவிலைக்குக் குறையலாகாது. சந்தை அடிவிலைக்கு மேலே ஏறினால் சந்தை விலையையே கொடுக்கவேண்டும். அதற்கு மேலும் ஒரு சிறு தொகை பொதுக் காரியங்களுக்காகச் சங்கத்தைச் சேரும். அதை எப்படிச் செலவிடுவது என்பதைச் சங்கத்தின் பொதுச்சபையே தீர்மானிக்கும். சங்கம் கேட்டால், ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்பணம் கிடைக்கச் செய்யவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையின் அருமை, கடனுக்குக் காயை அடகு வைத்தவனுக்கே தெரியும். நரியின் பல் விலையில் மட்டும் இல்லை, கடனில் இருக்கிறது.

1989-ல் விழுந்த இடி

முத்திரை பிறந்த எட்டாவது மாதத்தில் காப்பி உலகத்தில் இடி விழுந்தது. விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து 1962-ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. இன்ன நாடு இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வகுத்து, விலை சரியாமல் காத்த ஏற்பாடு அது. 1980-களில் ராத்தலுக்கு 1 டாலர் 20 சென்டிலிருந்து 1 டாலர் 40 சென்ட் வரையில் விலை நிற்கவேண்டுமென்பது அதன் குறி. குறைகள் பல இருந்தாலும், குடியானவனுக்கு நாளைய விலை இன்றே ஓரளவு தெரிந்திருந்தது. 1989 ஜூலையில் நாடுகளுக்குள் உடன்பாடு ஏற்படாமல் பங்கு முறை நின்றுபோயிற்று. தேக்கி வைத்த சரக்கெல்லாம் சந்தைக்கு வந்தது. 1992-ல் விலை 50 சென்ட் அளவுக்கு இறங்கிவிட்டது.

அதே சமயத்தில் மெக்ஸிகோ சர்க்காரும் கையை விரித்தது. 1958-ல் ஏற்பட்ட தேசியக் காப்பி ஸ்தாபனம் குடியானவர்களிடம் சரக்கு வாங்கியும் கடன் கொடுத்தும் வந்தது. அது படிப்படியாக ஒதுங்கி 1993-ல் கலைக்கப்பட்டது. நம் நாட்டிலும், காப்பி போர்டு விளைச்சலைத் திரட்டித் தானே விற்றுவந்த முறை 1990-களின் நடுவில் முடிவுற்றது. சந்தையின் சுதந்திரம் என்று இதற்குப் பெயரிட்டார்கள். ஓநாய்க்கும் ஆட்டுக்கும் ஒரே கொட்டிலில் சுதந்திரம் அளித்தால் யாருக்கு லாபம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2001-ல் நிலைமை இன்னும் கெட்டது. வியட்னாம் தேசம் சில வருஷங்களுக்குள் ஏராளமாகக் காப்பி பயிரிட்டு, பிரேஸிலுக்கு அடுத்தபடி வந்துவிட்டது. விலை 45 சென்டுக்கும் கீழே போயிற்று. மெக்ஸிகோவின் மலைகளில் பழத்தைப் பறிக்கும் கூலிக்கே விலை கட்டவில்லை. தோட்டத்தைப் போட்டுவிட்டு வடக்கே அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர்கள் பலர். அவ்வாண்டு மே மாதத்தில், எல்லையைக் கடந்து அரிஸோனாப் பாலைவனத்தில் வழி தவறி, 14 பேர் வெயிலிலும் தாகத்திலும் மாண்டார்கள். அவர்களில் பலர் காப்பி விளையும் வேராகுருஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். சந்தையில் சென்டுக் கணக்காக இறங்குவதை நாம் எண்களாகப் படிக்கிறோம். கிராமத்தில் அது வெறிச்சோடிய வீடுகளாகத் தெரிகிறது.

சங்கம் செய்த நன்மை

இந்த இருண்ட காலத்தில், நியாய வியாபாரத்தில் விற்ற மூட்டைக்கு ராத்தலுக்கு ஏறத்தாழ 1 டாலர் 20 சென்ட் கிடைத்துவந்தது. வெளிச்சந்தை விலையைப்போல அது இரண்டு மடங்குக்கும் மேல். ஊஸிரிச் சங்கத்தார் பொதுத் தொகையையும் தங்கள் உழைப்பையும் சேர்த்து மலைக்கிராமங்களுக்கு பஸ் விட்டார்கள். கருவிகளும் சாமான்களும் விற்கும் கடை வைத்தார்கள். குடியானவர்களின் பிள்ளைகளுக்கென விவசாயப் பள்ளி நடத்தினார்கள். சங்கத்தில் சேராதவனுக்கும் ஒரு நன்மை உண்டு. ஓர் ஊரில் சங்கம் கண்ணியமான விலைக்கு வாங்கத் தொடங்கினால், தரகனும் தன் விலையை ஏற்றாமல் வியாபாரம் செய்ய முடியாது. மத்திய அமெரிக்காவில் உள்ள காஸ்டரீக்கா தேசத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியும், இம்முறையால் குடியானவர்களின் வருமானம் உயர்ந்ததையும் இடைத்தரகர்களின் வருமானம் குறைந்ததையும் காட்டியிருக்கிறது.

மறைக்கத் தகாத குறைகள்

ஆனால் அதே ஆராய்ச்சி மற்றொன்றையும் சொல்கிறது. நிலம் வைத்திருப்பவனுக்குக் கிடைத்த லாபம், பழம் பறிக்கும் கூலிக்காரனுக்குப் போய்ச் சேரவில்லை. லண்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் சில வருஷங்கள் விசாரித்து 2014-ல் வெளியிட்ட அறிக்கை இன்னும் கடுமையானது. முத்திரை பெற்ற இடங்களில் கூலியாட்களின் நிலை, முத்திரை பெறாத இடங்களைவிட மேலாக இல்லை. கூலி குறைவாக இருந்த இடங்களும் உண்டு என்று அது கூறிற்று. முத்திரை ஸ்தாபனத்தார் இதை ஆட்சேபித்தார்கள். எனினும் விஷயம் யோசிக்கத்தக்கது. சிறு குடியானவனும் பழம் பறிக்கும் காலத்தில் ஆள் வைக்கிறான். அந்த ஆள் அவனிலும் ஏழை, பெரும்பாலும் நிலமற்றவன், பல இடங்களில் பெண்பிள்ளை. அவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை, பொதுச்சபையில் வாக்கில்லை. குடியானவனுக்கு நியாயம் கேட்கும் இயக்கம், அவன் வயலில் குனிந்து நிற்பவளை மறந்தால் அது பாதி நியாயமே.

குறைகள் இன்னும் உள. முத்திரை பெற்ற சங்கங்கள் பல, தங்கள் விளைச்சலில் ஒரு பகுதியையே அந்த விலைக்கு விற்க முடிகிறது. வாங்குவோர் போதாமையால் மிச்சம் சாதாரணச் சந்தைக்கே போகிறது. சங்கங்கள் பெருகப்பெருகப் பங்கு சுருங்குகிறது. பரிசோதனைக் கட்டணத்தை 2004 முதல் குடியானவர்களின் சங்கங்களே கட்டவேண்டியதாயிற்று. அடிவிலையோ முதல் 20 வருஷங்கள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. 2008-ல் 1 டாலர் 25 சென்ட், 2011-ல் 1 டாலர் 40 சென்ட், 2023-ல்தான் 1 டாலர் 80 சென்ட். சோளத்தின் விலையும் மருந்தின் விலையும் இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் 2011-ல் வந்தது. அமெரிக்காவில் முத்திரை வழங்கிவந்த ஸ்தாபனம் சர்வதேச அமைப்பினின்று பிரிந்து, பெருந்தோட்டக் காப்பிக்கும் முத்திரை அளிக்க முற்பட்டது. கூலியாட்களுக்கும் நன்மை செய்யவே இந்த மாறுதல் என்றார்கள். பெருந்தோட்டத்துக் கூலியாளுக்கு நன்மை வேண்டுமென்பதில் ஐயமில்லை. ஆனால், அவனுக்கு வேண்டுவது தொழிற்சங்கமும் கூலிச் சட்டமும். சிறியவர்கள் அரும்பாடுபட்டுக் கட்டிய மேடையில் முதலாளியை ஏற்றி உட்காரவைத்தால், அவனுடைய பணமும் லாரியும் அவர்களைத் தள்ளிவிடாவா? லத்தீன் அமெரிக்கக் குடியானவர்கள் இதை முன்கூட்டியே உணர்ந்து, சிறு உற்பத்தியாளர்களுக்கு மட்டுமே உரிய தனி முத்திரையொன்றை 2006-லேயே தோற்றுவித்திருந்தார்கள். சர்வதேச அமைப்பிலும் போராடி, நிர்வாக வாக்கில் சரிபாதியைப் பெற்றார்கள். தாங்கள் பெற்ற பிள்ளைக்குத் தாங்களே விண்ணப்பம் போட்டு உரிமை வாங்கவேண்டியிருந்தது!

விலையால் மட்டும் தீராத துன்பமும் உண்டு. 2012 முதல் மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் காப்பி இலைத்துரு நோய் பரவி, சில வருஷங்களில் மெக்ஸிகோவின் விளைச்சல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்த நோய் தமிழர்களுக்குப் புதிதன்று. 1869-ல் இலங்கையில் தோன்றி, நம்மவர் ரத்தம் சிந்திப் பண்படுத்திய காப்பித் தோட்டங்களை அழித்து, அவை தேயிலைத் தோட்டங்களாக மாறக் காரணமாயிருந்தது இதுவே. அன்று துரைமார் வேறு பயிருக்கு மாறிக்கொண்டார்கள். துரு விழுந்த செடியைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்டு, காய்க்கும் வரை மூன்று நான்கு வருஷங்கள் காத்திருக்க ஓஹாக்காக் குடியானவனுக்கு ஏது முதல்? மூட்டையே இல்லாதபோது மூட்டைக்கு அடிவிலை இருந்து என்ன பயன்?

இதற்கு நேர்மாறான சோதனையும் வந்தது. பிரேஸிலிலும் வியட்னாமிலும் மழை பொய்த்ததை ஒட்டி, 2025 பிப்ரவரியில் விலை ராத்தலுக்கு 4 டாலரையும் தாண்டிற்று. அத்தகைய காலத்தில் நரி ரொக்கத்துடன் வாசலில் நிற்கும். சங்கமோ முன்பு பேசிய ஒப்பந்தத்துக்குச் சரக்குச் சேர்க்கவேண்டும். அங்கத்தினன் அன்றைய ரொக்கத்துக்கு ஆசைப்பட்டால் சங்கம் வாக்குத் தவறும். வாக்குத் தவறிய சங்கத்தை வாங்குவோர் மறுமுறை நம்பமாட்டார்கள். விலை விழும்போது சங்கத்தைத் தேடி வருவது எளிது. விலை ஏறும்போது அதில் நிலைத்து நிற்பவனே சங்கத்தைக் காப்பாற்றுகிறான்.

தேசத் தொண்டர்களுக்கு

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்து நாம் அடையும் முடிவு என்ன? நியாய வியாபாரம் நன்மை செய்திருக்கிறது. அதை மறுப்பது நன்றிகெட்ட காரியம். ஆனால் அந்த நன்மையின் ஊற்று, ஐரோப்பியக் கடையில் முத்திரையைப் பார்த்து வாங்கும் சீமாட்டியின் இரக்கத்தில் இல்லை. மலையுச்சியில், பஞ்ச மாதத்தில், நரியின் கடனை வேண்டாமென்று ஒன்றுகூடி மறுத்த குடியானவர்களின் உறுதியில் இருக்கிறது. சங்கம் பலமாயுள்ள இடத்தில் முத்திரை நல்ல ஆயுதமாக இருந்திருக்கிறது. சங்கமில்லாத இடத்தில் அது கடைக்காரனின் அலங்காரமாகவே முடியும்.

ஆகையால், கிராமத்தில் வேலை செய்ய விரும்பும் தொண்டர்கள் மூன்று காரியங்களை மறக்கலாகாது. முதலாவது, குடியானவனின் கடனை அவிழ்க்காமல் அவன் விலையை உயர்த்த முடியாது. தராசும் கடன் பத்திரமும் அவனுடைய சங்கத்தின் கைக்கு வந்தாகவேண்டும். இரண்டாவது, நிலமற்ற கூலியாளுக்கும் அந்தச் சங்கத்தில் குரல் வேண்டும். இல்லாவிடில் நேற்று நரிக்கு அஞ்சியவனே நாளை நரியாகிவிடுவான். மூன்றாவது, 1989-ல் சர்க்கார்கள் கைவிட்ட பொறுப்பைக் கடைக்காரர்களின் தர்ம சிந்தனை ஏற்றுக்கொள்ளும் என்று நம்பி இருக்கக்கூடாது. விளைவிக்கும் நாடுகள் ஒன்றுகூடி விலையைக் காக்கவேண்டுமென்ற கோரிக்கையை ராஜீய மேடையில் எழுப்பவேண்டும்; முத்திரை அதற்கு ஈடாகாது.

ஓஹாக்காவின் குடியானவர்கள் நம்மிடம் பரிதாபத்தை யாசிக்கவில்லை. விற்ற பொருளுக்கு விலை கேட்டார்கள். இதே கேள்வியை நம் மலைகளிலும் வயல்களிலும் உள்ளவர்கள் கேட்கும்போது, அது கலகக் குரல் என்று காதைப் பொத்திக்கொள்ளாமல், அவர்கள் பக்கத்தில் போய் நின்று தராசைப் பார்ப்பதே நமது கடமை.